உளப்பாடும் விலக்கும்: தமிழ் வகுப்பறையில் குழந்தையின் வழக்கு

1. கலைச்சொல்லும் கருத்தும்

கல்வியியல் எழுத்துகளில் அண்மைக் காலத்தில் இரண்டு தொடர்கள் பெருவழக்காகியுள்ளன. 'பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல்' என்பது ஒன்று; 'உள்ளடக்கிய வகுப்பறை' என்பது மற்றொன்று. இரண்டும் ஆங்கில வழி வந்த மொழிபெயர்ப்புகள். இக்கருத்துகளைப் பேசுவோர் பெரும்பாலும் பழங்குடிக் குழந்தைகளையும் மொழிச் சிறுபான்மையினரையும் புலம்பெயர்ந்த தொழிலாளர் குழந்தைகளையும் மனத்திற்கொண்டே பேசுகின்றனர். அது தேவையே. ஆயினும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை தமிழ்வழி வகுப்பில் அமரும்போது இத்தகைய சிக்கல் எதுவும் இல்லை என்ற எண்ணம் அதனால் வலுப்பெறுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக அமைய வேண்டும் என்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியிலும் தமிழ். எனவே சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று கணக்கு முடிக்கப்படுகிறது. இக்கணக்கு சரியா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கலைச்சொல் பற்றி முதலில் ஒரு குறிப்பு. 'உள்ளடக்கிய' என்ற பெயரெச்சத்தில் 'அடக்கு' என்னும் வினை இருக்கிறது. சேர்த்துக்கொள்ளுதல் என்ற பொருளோடு ஒடுக்குதல் என்ற பொருளும் அதில் நிழலாடுகிறது. தமிழ் இலக்கண மரபில் இதற்கு வேறொரு சொல் ஆயத்தமாக உள்ளது. தன்மையிடம் தன்னோடு முன்னிலையாரையோ படர்க்கையாரையோ சேர்த்துக் கூறுவதை 'உளப்படுத்தல்' என உரையாசிரியர்கள் வழங்குவர். இன்றைய மொழியியலார் கேட்போரையும் சேர்க்கும் 'நாம்' என்பதை உளப்பாட்டுப் பன்மை என்றும், சேர்க்காத 'நாங்கள்' என்பதை உளப்படுத்தாப் பன்மை என்றும் குறிப்பர். ஆகவே 'உளப்படுத்தும் வகுப்பறை' என்பதே பொருந்தும் என்பது கட்டுரையாளர் கருத்து. பெயர் மாற்றத்தால் பயன் என்ன எனலாம். பயன் உண்டு. 'நாம் திருவிழா கொண்டாடுகிறோம்', 'நமது ஊர்க் கோயில்' என்பன போன்ற தொடர்கள் தொடக்க வகுப்புகளில் இயல்பாக வழங்குவன. அவற்றில் வரும் 'நாம்' யாரை உளப்படுத்துகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று கேட்க இச்சொல் இடம் தருகிறது.

2. கருத்தின் பிறப்பிடம்

பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல் என்னும் கோட்பாடு அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளின் கல்வியைப் பற்றிய விவாதத்தில் பிறந்தது. குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் வெளியிட்ட கட்டுரையும் ஜெனீவா கே 2000இல் வெளியிட்ட நூலும் இதன் அடிப்படை எழுத்துகள். லாட்சன்-பில்லிங்ஸ் மூன்று கூறுகளை வலியுறுத்தினார்: மாணவர் கல்வியில் வெல்ல வேண்டும், தம் பண்பாட்டை இழக்காதிருக்க வேண்டும், சமூக ஏற்றத்தாழ்வை ஆராயும் திறன் பெற வேண்டும். இவற்றுள் முதலும் மூன்றும் மறக்கப்பட்டு, இரண்டாவது மட்டும் விழாக்களாகவும் உடைகளாகவும் உணவுகளாகவும் சுருங்கியது. 2014இல் அவரே இவ்வாறான மேலோட்டமான புரிதல் குறித்து எழுத நேர்ந்தது.

இக்கோட்பாட்டுக்கு முன்பே மொழியியலார் இப்பக்கம் வந்திருந்தனர் என்பது கல்வியியல் எழுத்துகளில் போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய கட்டுரை, கறுப்பினக் குழந்தைகளின் பேச்சு குறையுடைய ஆங்கிலம் அன்று, தனக்கெனத் தெளிவான விதிகளை உடைய வழக்கு என நிறுவியது. அதனினும் நமக்குப் பயன்படுவது 1979இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் பள்ளி மாவட்டத்துக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பு. குழந்தைகளின் வீட்டுமொழியை அறிந்து, அவ்வறிவை வாசிப்பு கற்பிக்கும்போது பயன்படுத்தப் பள்ளி தவறியது என்று நீதிமன்றம் கண்டது. குழந்தைகளுக்கு அவர்களது வழக்கைக் கற்பிக்குமாறு அத்தீர்ப்பு கூறவில்லை. அவ்வழக்கில் பாடநூல் எழுதுமாறும் கூறவில்லை. ஆசிரியருக்கு அவ்வழக்கைப் பற்றிய அறிவு வேண்டும் என்றது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். தமிழ் வகுப்பறைக்கு இதுவே உயிரான வேறுபாடு என்பதை இனிக் காணலாம்.

3. பிழைகளின் இலக்கணம்

சார்ல்ஸ் ஃபெர்கூசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தை வரையறுத்தார். அடுத்த ஆண்டே மு. சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். அறுபதாண்டுகளுக்கும் மேலாகப் பேச்சுத்தமிழின் ஒலியமைப்பு விதிகள் மொழியியல் துறைகளில் கற்பிக்கப்பட்டு வருகின்றன. அவ்வறிவு முதல் வகுப்பு ஆசிரியரின் கையை எட்டவில்லை.

ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். சொல்லின் முதலசையில் வரும் இகரமும் உகரமும், ஒற்றை மெய்யை அடுத்து அகரமோ ஐகாரமோ வருமாயின், பேச்சில் முறையே எகரமாகவும் ஒகரமாகவும் தாழ்கின்றன. இலை 'எல' ஆகிறது. இடம் 'எடம்' ஆகிறது. குடை 'கொட' ஆகிறது. உலகம் 'ஒலகம்' ஆகிறது. இடையில் இரட்டித்த மெய் வருமாயின் இம்மாற்றம் நிகழாது. ஆதலால் குப்பை 'குப்ப' ஆகுமேயன்றிக் 'கொப்ப' ஆகாது. இவ்விதியைக் குழந்தைக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆயினும் நான்கு வயதுக் குழந்தை இதில் தவறுவதில்லை.

மற்றொரு விதி: இதழொலிக்கும் நாவளை ஒலிக்கும் இடையே வரும் இகர எகரங்கள் இதழ் குவிந்து ஒலிக்கும். பிடி 'புடி' ஆவதும், பெண் 'பொண்ணு' ஆவதும், பல வட்டாரங்களில் வீடு 'வூடு' ஆவதும் இதனால். 'மிளகாய்' என்னும் சொல்லைப் பேச்சில் 'மொளகா' என்கிறோம். முதலில் இகரம் இதழ் குவிந்து உகரமாகிறது. பின்னர் அடுத்து வரும் அகரத்தால் தாழ்ந்து ஒகரமாகிறது. இறுதி யகர மெய் கெடுகிறது. எழுதக் கற்கும் குழந்தை 'மொளகா' என எழுதுமாயின், அது மூன்று விதிகளின் விளைவைக் காதால் பிழையறக் கேட்டு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பையும் பிழையற அறிந்து எழுதியிருக்கிறது. ஆசிரியர் காண்பது ஒரு சிவப்பு வட்டத்துக்குரிய தவறு.

இதன் விளைவு அத்துடன் நிற்பதில்லை. தன் பேச்சு தவறு எனக் கற்ற குழந்தை, தவறில்லாத இடத்திலும் திருத்தத் தொடங்குகிறது. 'படிச்சான்' தவறு, 'படித்தான்' சரி எனப் பலமுறை திருத்தப்பட்ட குழந்தை 'காய்ச்சல் வந்தது' என்பதைக் 'காய்த்தல் வந்தது' என எழுதியதைக் கட்டுரையாளர் கண்டதுண்டு. நெல்லைப் பகுதியில் ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவுக்குக் 'கொடை' என்று பெயர். பேச்சில் குடையும் கொடையும் ஒன்றுபோலவே 'கொட' என ஒலிக்கும். 'கொட' தவறு, 'குடை' சரி என்று கற்ற குழந்தை 'எங்கள் ஊர்த் திருவிழா' என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்போது 'கோயில் குடை' என்று எழுதுகிறது. கட்டுரையாளர் தம் மூன்றாம் வகுப்பில் எழுதியதும் இதுவே. வட்டமிட்ட ஆசிரியர் அதே ஊர்க்காரர். கொடைக்கு வரி கொடுப்பவர். அவரும் வீட்டில் 'கொட' என்றுதான் சொல்லியிருப்பார். ஏன் அவ்வாறு எழுதினேன் என்று அவர் கேட்கவுமில்லை; கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்கவும் இல்லை.

இவ்வெடுத்துக்காட்டு இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு இன்றியமையாதது. ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதச் செய்தல் பண்பாட்டுக்கு இயைந்த செயல்பாடு எனப் பயிற்சி ஏடுகள் பாராட்டும். குழந்தையின் பண்பாடு வகுப்பறைக்குள் அழைக்கப்பட்டது உண்மையே. ஆயின் அப்பண்பாட்டைச் சுமந்து வந்த சொல்லே அங்குப் பிழையாயிற்று.

மேற்கூறிய விதிகள் ஏறத்தாழ எல்லாத் தமிழ்க் குழந்தைகளுக்கும் பொது. அவ்வாறாயின் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது? புத்தகம் உள்ள வீட்டுக் குழந்தை பள்ளிக்கு வருமுன்பே 'குடை', 'இலை' என்னும் வடிவங்களைக் கதை வாசிக்கும் தாயின் குரலில் கேட்டுவிடுகிறது. இரண்டு வழக்குகள் உண்டு என்பதும், எது எங்கே என்பதும் அதற்குத் தெரியும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தை எழுத்துத் தமிழை முதன்முதல் சந்திப்பதே திருத்தத்தின் வடிவில்தான்.

4. வெளிப்படுத்துமாறு கேட்டல்

இனி, எல்லாருக்கும் பொதுவல்லாத கூறுகள். ழகரம் தென் மாவட்டங்களில் ளகரமாகவும், வடக்கே சில வழக்குகளில் யகரமாகவும் ஒலிக்கிறது. தந்தையின் தாய் மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் அப்பத்தா, தாயின் தாய் கொங்கு நாட்டில் அம்மிச்சி, நெல்லையில் ஆச்சி. பாடநூலில் எல்லாரும் பாட்டியர். சாதியாலும் சமயத்தாலும் வட்டாரத்தாலும் வேறுபடும் இச்சொற்களை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல் என்பர். கொள்கையளவில் மறுக்க இயலாது. நடைமுறையில் என்ன நிகழ்கிறது?

கட்டுரையாளர் பார்வையாளராக அமர்ந்திருந்த ஒரு மூன்றாம் வகுப்பில், பயிற்சி பெற்று வந்திருந்த ஆசிரியை மிகுந்த நல்லெண்ணத்துடன், "உங்க வீட்டுல அண்ணன எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். கடற்கரை ஊரிலிருந்து அண்மையில் குடிபெயர்ந்திருந்த ஒரு முஸ்லிம் சிறுமி, "காக்கா" என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் தமிழ் முஸ்லிம்கள் தமையனைக் காக்கா என்றே அழைப்பர். ஆசிரியை அதை அறிந்திருக்கவில்லை. 'ஸ், சிரிக்கக் கூடாது' என அடக்கினார். அடுத்த குழந்தையிடம் சென்றார். எஞ்சிய பாடவேளை முழுதும் அச்சிறுமி வாய் திறக்கவில்லை. உணவைப் பற்றி அவ்வாறு கேட்டிருந்தால் அவள் 'ஆணம்' என்றிருக்கக்கூடும். குழம்பைக் குறிக்கும் அத்தமிழ்ச் சொல் பிறர் வழக்கில் மறைந்தும் முஸ்லிம்களின் பேச்சில் நின்றிருக்கிறது. அதற்கும் சிரிப்பே விடையாகியிருக்கும்.

அமெரிக்க எழுத்துகளில் 'பண்பாடு' என்பது பெருமையோடு உரிமை கொண்டாடத்தக்க ஒன்றாக முன்வைக்கப்படுகிறது. இங்கே அச்சொல்லின் அடியில் சாதி கிடக்கிறது. நேற்று வீட்டில் என்ன சமைத்தார்கள், அப்பா என்ன வேலை செய்கிறார், தேர் உங்கள் தெருவுக்கு வருமா என்னும் வினாக்கள் கேட்பவருக்கு இயல்பானவை. மாட்டிறைச்சி சமைத்த வீட்டுக் குழந்தைக்கும், துப்புரவுப் பணியாளரின் குழந்தைக்கும், தேர் திரும்பும் முனைக்கு அப்பால் குடியிருக்கும் குழந்தைக்கும் அவை நாற்பது பேர் முன்னிலையில் தன் சாதியைச் சொல்லுமாறு விடுக்கப்படும் கட்டளைகள். அக்குழந்தைக்குப் பேசும் உரிமை வேண்டும் என்கிறோம். சொல்லாதிருக்கும் உரிமையும் அதற்கு வேண்டும். இவ்வுரிமையைப் பற்றி எந்தப் பயிற்சி ஏடும் பேசுவதாகக் கட்டுரையாளர் கண்டதில்லை.

மரியாதைப் பன்மையைக் கற்பிக்கும் பாடத்தையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். 'பெரியோரை நீங்கள் என அழைக்க வேண்டும்' என்பது பாடம். தன் பாட்டனை ஊர்த் தெருவின் இளைஞன் 'வாடா' என்பதையும், பாட்டன் அவ்விளைஞனைச் 'சாமி' என விளித்துப் பன்மையில் விடை கூறுவதையும் கேட்டு வளரும் குழந்தை, இப்பன்மை வயதைப் பொறுத்தது அன்று என்பதை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. பாடம் சொல்லும் விதியும் ஊர் நடத்தும் விதியும் முரண்படுகின்றன. தேர்வில் பாடத்தின் விதியை எழுதி மதிப்பெண் பெறலாம். உளப்படுத்தும் வகுப்பறை பற்றிப் பேசுவோர் இம்முரணை வகுப்பில் எவ்வாறு எதிர்கொள்வது என்று சொன்னால் நன்று. லாட்சன்-பில்லிங்ஸின் மூன்றாம் கூறு இதைத்தான் கேட்கிறது.

இருளர் குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. இருளம் தமிழுக்கு மிக நெருங்கிய தனித் திராவிட மொழி. நெருக்கமே அதற்குக் கேடாயிற்று. வேறு மொழி பேசும் குழந்தைக்குரிய சலுகை இருளக் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. 'மோசமான தமிழ்' பேசுவதாகவே கருதப்படுகிறது. தெலுங்கு, கன்னடம், உருது, சௌராட்டிரம் பேசும் குழந்தைகளுக்கு 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் எழுந்த சிக்கல்கள் தனியே ஆராய்தற்குரியன.

5. மரபு துணை நிற்கிறதா?

தமிழ் இலக்கண மரபு பேச்சை மதித்தது என்பது நம்மவர் அடிக்கடி கூறும் பெருமிதம். தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் இணையாகவே வைக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களின் சொற்கள் திசைச்சொல் என்னும் பெயரில் செய்யுளுக்குள் இடம் பெற்றன. நன்னூல் மரூஉவை இயல்பு வழக்கின் மூன்று வகையுள் ஒன்றாக வைத்தது. தஞ்சாவூர் 'தஞ்சை' ஆனதை உயர் வகுப்பில் இயல்பு வழக்கு எனக் கற்பிக்கும் பள்ளியே, மிளகாய் 'மொளகா' ஆனதை முதல் வகுப்பில் கொச்சை என்கிறது.

ஆயினும் மரபை முழுத் துணையாகக் கொள்ள இயலாது. அதே தொல்காப்பியத்தின் மரபியல், வழக்கு என்பது உயர்ந்தோருடையது என வரையறுக்கிறது. உயர்ந்தோர் என்பதற்கு அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தோர் எனப் பொருள் கூறலாம், கூறியும் உள்ளனர். நடைமுறையில் அச்சொல் எவரைச் சுட்டி வந்தது என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. தமிழ்ப் புனைகதை இவ்வரையறையை எப்போதோ கடந்துவிட்டது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கண்டார். 1992இல் பாமாவின் 'கருக்கு' ஒடுக்கப்பட்டோர் பேச்சிலேயே எழுதப்பட்டு வெளிவந்தது. கல்லூரியில் இலக்கியமாகப் போற்றப்படும் வழக்கு தொடக்கப் பள்ளியில் பிழையாகவே நிற்பது விந்தை.

6. மாற்று எது?

பேச்சு வழக்கிலேயே தொடக்கப் பாடநூல்களை எழுதலாம் என்பர் சிலர். கட்டுரையாளர் இதனை ஏற்கவில்லை. எவ்வட்டார வழக்கு, எச்சாதி வழக்கு என்னும் வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. அதனினும் முதன்மையான தடை வேறு. எழுத்துத் தமிழ் அதிகாரத்தின் வழக்கு. விண்ணப்பமும் தீர்ப்பும் தேர்வும் அதில்தான் உள்ளன. அதைத் தம் பிள்ளை பெற வேண்டும் என்பதற்காகவே கூலித் தொழிலாளி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார். லிசா டெல்பிட் 1988இல் எழுதிய கட்டுரையில் இதனையே வலியுறுத்தினார்: அதிகாரத்தின் விதிகளை வெளிப்படையாகச் சொல்லித் தராத ஆசிரியரின் தாராள மனப்பான்மை, அவ்விதிகளை வீட்டிலேயே பெற்ற குழந்தைகளுக்கே நன்மை செய்கிறது.

எனவே திருத்தம் வேண்டும். எதைத் திருத்துகிறோம் என்று தெரிந்து திருத்த வேண்டும். 'கொட' என எழுதிய குழந்தையிடம், "நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்; எழுதும்போது 'குடை' என எழுதுவோம்" என ஆசிரியர் கூறுவாராயின், அத்தொடரில் வரும் 'நாம்' உண்மையிலேயே உளப்பாட்டுப் பன்மை. அது ஆசிரியரையும் சேர்த்துக்கொள்கிறது, அது மெய்யும்கூட. இதற்குப் புதிய பாடநூலோ கருவியோ வேண்டியதில்லை. பேச்சுத்தமிழின் ஒலி விதிகளுள் தலையாயவை பத்துக்கு மேல் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் இரு வாரங்களில் கற்பித்துவிடலாம். எவ்வழு எந்த விதியின் விளைவு, எது மிகைத் திருத்தம், எது உண்மையான எழுத்துப் பிழை எனப் பிரித்தறியும் ஆசிரியர், குழந்தையை எழுந்து நின்று தன் வீட்டைப் பற்றிச் சொல்லுமாறு கேட்காமலேயே அதன் வீட்டுமொழிக்கு மறுமொழி கூற வல்லவராவார்.

உறவுப் பெயர்களிலும் அவ்வாறே. காக்கா, அம்மிச்சி, அப்பத்தா என்பனவற்றை ஆசிரியர் முன்கூட்டி அறிந்து, பல ஊர்ச் சொற்களாகத் தாமே கரும்பலகையில் எழுதுவது ஒன்று. ஒரு குழந்தையின் வாயிலிருந்து வரவழைப்பது வேறொன்று. முன்னதில் சிரிப்பு எழுந்தாலும் அது எவர் மீதும் விழாது. தன் வீட்டுச் சொல் பலகையில் இருக்கக் காணும் குழந்தை விரும்பினால் 'எங்கள் வீட்டிலும்' எனக் கூறும். விரும்பாவிடில் வாளா இருக்கும்.

உயர் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களின் மொழிப் பயிற்சிகளில் 'பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக' என்னும் வினா இடம்பெறுவதுண்டு. 'கொச்சை நீக்குக' என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இவ்வினா இரண்டு வழக்குகளும் உள்ளன என்பதை ஒப்புக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியைக் கேட்கிறது. இவ்வினா இரண்டாம் வகுப்புக்கு வருமாயின், அதற்கு இணையாக 'எழுத்து வழக்கைப் பேச்சு வழக்காக மாற்றுக' என்பதும் வர வேண்டும். அவ்வினாவுக்கு மட்டும் விடைக்குறிப்பில் ஒரே விடையை அச்சிட இயலாது; குழந்தை எழுதும் விடை சரியா என அறிய ஆசிரியர் அதன் பேச்சைக் கேட்டாக வேண்டும்.